ஒலிவாங்கியின் குரல் தாழ்ந்தால்

ஒலிப்பதிவு ஒரு காலத்தில் வானொலி நிலையங்களுக்கே உரிய தொழிலாக இருந்தது. இன்றோ வீட்டின் ஓர் அறையிலே ஒலிவாங்கியொன்றை நிறுத்திக் கணினியிற் குரலைப் பதிந்துவிடுகிறார்கள். மட்டக்களப்பிலே முதிய அண்ணாவியார் ஒருவரை இருத்தி, அவர் நெஞ்சிலுள்ள கூத்துப் பாடல்களைப் பேரப்பிள்ளைகள் பதிவு செய்கிறார்கள் என்று கொள்வோம். நேற்றுவரை கணீரென்று ஒலித்த கருவி இன்று முணுமுணுக்கின்றது. பாடுபவரோ தளர்ந்தவர், மறுமுறையும் பாடுவார் என்பதற்கு உறுதியில்லை. இந்நிலையிற் பலரும் ஒலியளவுக் குமிழை இறுதிவரை திருகிவிட்டு வேலையைத் தொடர்கின்றனர். குரல் உயர்கின்றது, அதனோடு தொலைவில் மழை பெய்வது போன்றதோர் இரைச்சலும் உயர்கின்றது. பாடலோடு கலந்துவிட்ட இரைச்சலைப் பின்னர் முற்றாகப் பிரித்தெடுத்தல் அரிது.

ஆயினும், குறை எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பதும் அந்த இரைச்சலேயாகும். சாதாரணப் பேச்சுக்கு ஒலிவாங்கி தரும் மின்னழுத்தம் பெரும்பாலும் ஒரு வோல்ற்றின் ஆயிரத்திலொரு பங்கையொட்டியே இருக்கும். அதனைப் பன்மடங்காக்கும் பெருக்கி, தன் பங்குக்குச் சிறிது இரைச்சலையும் சேர்த்துவிடுகின்றது. குரல் பெருக்கியை அடையுமுன்னரே தேய்ந்திருப்பின், அதனை உயர்த்தும்போது இரைச்சல் மேலோங்கும். பெருக்கியைக் கடந்தபின் எங்கோ அளவு குறைக்கப்பட்டிருப்பின், குரலும் இரைச்சலும் ஒருங்கே தாழ்ந்திருக்கும். ஆகையால் முதலில் பெருக்கியின் குமிழ் பழைய இடத்திலேயே நிற்கின்றதா எனப் பார்த்துவிட்டு, சில வரிகளைப் பதிந்து, முன்னைய நல்ல பதிவொன்றின் அளவுக்கு உயர்த்திக் கேட்டல் வேண்டும்.

இரைச்சல் கூடவில்லையென்றால் ஒலிவாங்கியின்மீது பழியில்லை. கணினியின் ஒலிப்பதிவு அளவைப் பார்த்தாற் போதும். இணையவழியிற் பேசுவதற்கான செயலிகள் சில அந்த அளவைத் தாமாகவே மாற்றிவிடுவதுண்டு.

இரைச்சல் கூடியிருந்தால், பாடுபவரின் வாயிலிருந்தே தேடலைத் தொடங்குவது முறை. திறந்தவெளியிலே தூரம் இரட்டிக்குந்தோறும் ஒலியழுத்தம் பாதியாகும். அஃதாவது 6 டெசிபெல் குறையும். 10 சென்ரிமீற்றரில் இருந்த வாய் 40 சென்ரிமீற்றருக்கு விலகினால் எஞ்சுவது காற்பங்கே. அறைக்குள்ளே சுவரின் எதிரொலியும் வந்து சேர்வதால், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலத் தோன்றும். ஒலிவாங்கியின் முகம் எது என்பதையும் அறிதல் வேண்டும். பருத்த ஒலிவாங்கிகள் பலவற்றுக்கு உச்சி முகமன்று, பக்கமே முகம். மேசையைத் துடைத்தவர் அதனைத் திருப்பி வைத்துவிட்டால், பாடுபவர் அதன் முதுகுக்குப் பாடிக்கொண்டிருப்பார். சிலவற்றின் உடலில் ஒலியை 10 டெசிபெல் குறைக்கும் சிறு ஆளியும் உண்டு. தெரியாமல் விரல் பட்டு அது நகர்ந்திருக்கலாம்.

அடுத்தது கம்பி. வீடுகளிற் பெரும்பாலான குறைகளுக்கு இதுவே காரணமெனலாம். மூன்று முள் கொண்ட செருகியில் ஒன்று புவித்தொடுப்பு. மற்றையிரண்டும் குரலை எதிரெதிர் நிலையிற் சுமந்து செல்வன. அவ்விரண்டில் ஒன்றின் பற்றாசு விட்டுப்போனாற் குரல் முற்றாக அற்றுவிடாது. அது மெலிந்து, சில வேளைகளிற் கனமான ஒலிகள் நீங்கி, தகரத்தில் தட்டினாற்போற் கேட்கும். வேறொரு கம்பியை மாற்றிப் பார்த்தால் ஐயம் தீரும். கம்பி, பெட்டி, ஒலிவாங்கி மூன்றையும் ஒரே தடவையில் மாற்றுபவர் குறையைப் போக்கினாலும், அது எதிலிருந்தது என்பதை அறியமாட்டார்.

மின்தேக்கி வகை ஒலிவாங்கிக்கு வெளியிலிருந்து மின்னூட்டமும் வேண்டும். 48 வோல்ற் என்னும் அளவு நிலைபெற்றதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. 1966ஆம் ஆண்டில் நோர்வே வானொலிக்காக நொய்மான் நிறுவனத்தார் இவ்வகைக் கருவியை அமைத்தபோது, அங்கே அவசர விளக்குகளுக்கென 48 வோல்ற் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. அதனையே பயன்படுத்திக்கொண்டனர். அவ்வூட்டம் தடைப்பட்டால் இக்கருவிகள் பெரும்பாலும் ஊமையாகும். ஊட்டம் குறைந்தாலோ குரல் நலியும். உள்ளே மின்கலம் வைத்த வகைகளிலே, குரல் நாளுக்குநாள் தேய்வது மின்கலம் தீர்கின்றது என்பதற்கு அறிகுறி.

1962இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸெஸ்லரும் வெஸ்ற்றும் உருவாக்கிய எலெக்றெற் வகையிலே, மின்னேற்றம் ஒரு மென்றகட்டிலேயே நிலையாக அடங்கியிருக்கும். மிகுந்த வெப்பமும் ஈரமும் அதனைப் படிப்படியாகக் குன்றச் செய்யும். கடற்கரை ஊர்களில் இதனை மறத்தலாகாது. ஈரம் புகுந்த மின்தேக்கி ஒலிவாங்கி, குரல் தாழ்வதோடு இடையிடையே படபடக்கவும் செய்யும். வெயிலிலே காயவைப்பதும் வாயால் ஊதுவதும் கேடு. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைத்தால் ஈரம் மெல்ல நீங்கும்.

இவையாவும் செய்தும் குரல் உயரவில்லை, ஆனால் அதே கம்பியிலும் பெட்டியிலும் வேறோர் ஒலிவாங்கி நன்றாக ஒலிக்கின்றது என்றால், பழையதைத் தொழில்நுட்பவியலாளரிடம் கொடுத்துவிடலாம். அதுவரை பாடலை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. பாடுபவரின் வாய்க்கு ஒரு சாண் தூரத்திலே, மூச்சு நேரே படாதவாறு சற்று ஒதுக்கி வைத்த கைத்தொலைபேசி, நலிந்த உயர்ந்த கருவியைவிடத் தெளிவாகப் பதிந்து தரும்.