வெயிலும் மேனி நிறமும்

பங்குனி கழிந்து சித்திரை பிறக்குங் காலத்திலே கதிரவன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகின்றான். ஏப்பிரல் 5ஆம் திகதியளவில் தெற்கே தெய்வேந்திரமுனைக்கு மேலே நிற்பவன், நாளுக்கு நாள் வடக்கு நோக்கி நகர்ந்து, புத்தாண்டையொட்டிப் பருத்தித்துறைக்கு மேலே வந்து சேர்கின்றான். அதன் பின்னர் காண்டாவனம். கிணற்றில் நீர் இறங்குவதையும் தோட்டத்துப் பயிர் வாடுவதையும் பற்றி அக்காலத்திற் பேசாதார் இல்லை. ஆயினும், அதே நாட்களில் வீட்டினுள்ளே கண்ணாடியின் முன்னே நின்று இளம் பிள்ளைகள் படும் கவலை ஒன்றுண்டு. அதனைப் பற்றிப் பெரியோர் பேசுவது அரிது. பேசினும் நகைத்துவிட்டு அப்பாற் செல்வர். “நான் கறுத்துப் போனேன்” என்பதே அக்கவலை.

இதனைச் சிறுபிள்ளைகளின் வீண் எண்ணம் என்று தள்ளிவிடுதல் தகாது. மெய்வல்லுநர் போட்டிக்குப் பயிற்சி தொடங்கியதும், நன்றாக ஓடக்கூடிய மாணவி ஒருத்தி தலைவலி என்று சொல்லி வகுப்பறையிலேயே இருந்துவிடுகின்றாள். உண்மையில் வலி தலையிலன்று. வெயிலைக் கண்ட மனத்திலே. சில வேளைகளில் தாயாரே, “அடுத்த மாதம் தமக்கையின் கலியாணம், பிள்ளையை மைதானத்தில் விடவேண்டாம்” என்று கடிதம் எழுதி அனுப்புவதுமுண்டு. இன்னொருத்தி, கொதிக்கும் நண்பகலிலே தடித்த மேலங்கியால் உடலை மூடிக்கொண்டு துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்பி, வாசலில் மயங்கி விழுகின்றாள். மற்றொருத்தி, உள்ளடக்கம் இன்னதென்று எழுதப்படாத பூச்சு ஒன்றை எங்கோ வாங்கி, இரவில் ஒருவருக்குந் தெரியாமல் முகத்திற் பூசுகின்றாள். ஆண்பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். அவர்கள் வெளியே சொல்வதில்லை; அவ்வளவே.

கறுத்தல் என்பது யாது? தோலின் மேற்படைக்கு அடியிலே நிறத்தை ஆக்குகின்ற கலங்கள் உள்ளன. அவை ஆக்கும் நிறப்பொருளே மெலனின். வெள்ளையர்க்கும் கறுத்தவர்க்கும் இக்கலங்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை என்பது பலர்க்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆக்கப்படும் மெலனினின் அளவிலும் வகையிலும், அது தோலிற் பரந்திருக்கும் முறையிலுமே வேறுபாடு உண்டு. கதிரவனின் ஒளியிலுள்ள கழியூதாக் கதிர்கள், தோற்கலங்களின் கருவிலே உள்ள மரபுப் பொருளைச் சிதைக்க வல்லவை. அக்கதிர்கள் படும்போது மெலனின் மிகுதியாக ஆக்கப்பட்டு, ஒவ்வொரு கலத்தின் கருவுக்கும் மேலே குடை பிடித்தாற்போலக் கூடி நிற்கின்றது. வெயிலில் நின்ற பிள்ளையின் முகம் கறுத்தது என்றால், அப்பிள்ளையின் தோல் தன் கடமையைச் செய்தது என்பதே பொருள். வெயில் தணிந்து, மேற்றோல் உதிர்ந்து புதுத்தோல் வரும்போது, சில கிழமைகளில் அந்நிறமும் தானாகக் குறைந்துவிடும்.

நெடுங்காலக் கணக்கிலும் இதற்கு விளக்கம் உண்டு. நினா ஜப்லொன்ஸ்கி, ஜோர்ஜ் சப்ளின் என்னும் ஆய்வாளர் இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, உலகெங்கும் மக்களின் தோல் நிறம் அவ்வவ்விடத்துக் கழியூதாக் கதிரின் வலிமையோடு ஒத்துச் செல்வதைக் காட்டிற்று. புவிநடுக்கோட்டை அண்டிய நாடுகளிலே, கருவில் வளரும் குழந்தைக்கு இன்றியமையாத போலேற்று என்னும் சத்தினைக் கடும் வெயில் அழித்துவிடாமற் கரிய தோல் காக்கின்றது என்பது அவர்கள் கருத்து. வெயில் குறைந்த வடநாடுகளிலே, கிடைக்கும் சிறிதளவு ஒளியைக்கொண்டு விற்றமின் டீயை ஆக்கிக்கொள்ள வெளிறிய தோல் உதவிற்று. ஆகவே, இலங்கையரின் நிறம் இந்நாட்டு வெயிலுக்கென்றே அமைந்த நிறமாகும்.

அவ்வாறாயின் இந்தக் கவலை எங்கிருந்து வந்தது? தோலிலிருந்து வரவில்லை, பிறர் கண்ணிலிருந்தே வந்தது. ஐரோப்பாவை நோக்கின் இது விளங்கும். வயலில் உழைப்போர் வெயிலிற் கறுத்து, மாளிகையில் இருப்போர் நிழலில் வெளிறியிருந்த நாள்வரை, அங்கும் வெண்மையே உயர்குலத்தின் அடையாளமாயிற்று. ஆலைகள் தோன்றி, உழைப்பாளர் கூரையின் கீழ் வெளிறத் தொடங்கினர். பின்னர், 1920களில், கடற்கரையிற் படுத்து வெயில் காயும் ஓய்வு உடையோரே செல்வர் என்ற நிலை ஏற்பட்டதும், பழுப்பு நிறம் நாகரிகமாயிற்று. அன்று முதல், கோடை வந்தால் அங்குள்ள இளைஞர் தாம் போதிய அளவு கறுக்கவில்லையே என்று வருந்துகின்றனர். அதற்கென மின்விளக்குப் படுக்கைகளிற் கிடப்பாரும் உளர். அப்படுக்கைகள் புற்றுநோயை உண்டாக்குவன என்று உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வகைப்படுத்திற்று. ஓரிடத்திற் கறுப்பதற்காகத் தோலைச் சுடுகின்றனர். மற்றோரிடத்தில் வெளுப்பதற்காகத் தோலை அரிக்கின்றனர். இரு சாராரும் ஒருவரை ஒருவர் கண்டால் என்ன பேசிக்கொள்வரோ!

தமிழரின் பழைய நூல்களைப் பார்த்தால் வியப்பு இன்னும் மிகும். சங்கப் பாடல்களிலே தலைவியின் அழகைக் குறிக்குஞ் சொற்களுள் ‘மாமை’ என்பது ஒன்று. மாந்தளிரின் நிறம் என்று அதற்குப் பொருள் கூறுவர். தலைவன் பிரிந்தபோது அத்தலைவி அஞ்சியது கறுத்துப் போவதற்கன்று. மாமை நீங்கி வெளிறிப் போவதற்கே. அவ்வெளிறலுக்குப் பசலை என்று பெயர். திருவள்ளுவர் அத்துன்பத்துக்கென்றே ‘பசப்புறு பருவரல்’ என ஓர் அதிகாரம் வகுத்திருக்கின்றார். கண்ணனும் கரியன், பாரதத்துப் பாஞ்சாலிக்குக் கிருஷ்ணை என்னும் பெயர் வந்ததும் அவள் நிறத்தினாலேயே. பொன்னிறமும் புகழப்பட்டதுண்டு, உண்மை. ஆனால், வெளுப்பு ஒன்றே அழகு என்ற எண்ணம் தமிழுக்குத் தொன்றுதொட்டு உரியது என்று கூறுவார் அந்நூல்களைப் புரட்டிப் பாராதவரே.

நிழலில் இருந்து உண்பவர் உயர்ந்தவர், வெயிலில் நின்று உழைப்பவர் தாழ்ந்தவர் என்ற பழைய சமூகப் பிரிவும், வெள்ளையர் ஆட்சியும், திரைப்படமும் இவ்வெண்ணத்தைச் சிறிது சிறிதாக ஊன்றின. அதன்மேல் வணிகம் வந்தது. முகத்தை வெளுப்பிப்பதாகச் சொல்லி 1975ஆம் ஆண்டில் இந்தியாவில் அறிமுகஞ் செய்யப்பட்ட ‘பெயார் அண்ட் லவ்லி’ என்னும் பூச்சு, 2020ஆம் ஆண்டிலே உலகெங்கும் எழுந்த கண்டனங்களின் பின்னர், வெண்மையைச் சுட்டும் அச்சொல்லைத் தன் பெயரிலிருந்து நீக்கிக்கொண்டது. பெயரை நீக்குதல் எளிது. நாற்பத்தைந்து ஆண்டுகளாக ஊட்டிய எண்ணத்தை நீக்குதல் அத்துணை எளிதன்று. இப்பொழுதோ கைத்தொலைபேசியே படம் எடுக்கும்போது முகத்தைத் தானாக வெளுப்பித்துக் காட்டுகின்றது. பிள்ளை தன் முகத்தைத் தன் முகத்தோடேயே ஒப்பிட்டு நாணுகின்றது.

மனிதர் தம்மைப் பிறரோடு ஒப்பிட்டே தம்மை மதிப்பிடுகின்றனர் என்று லியோன் பெஸ்ரிங்கர் என்னும் உளவியலாளர் 1954ஆம் ஆண்டில் எழுதினார். ஒப்பிடுவதற்குரிய உருவம் மாறினால் மதிப்பீடும் மாறும். இதற்குப் பீஜித் தீவில் நடந்தது நல்ல சான்று. பருத்த உடலையே நலமென்று போற்றிய அந்நாட்டின் ஒரு பகுதிக்கு 1995ஆம் ஆண்டிலே தொலைக்காட்சி வந்தது. அவ்வாண்டில் அங்குள்ள பாடசாலை மாணவியரை ஆராய்ந்த ஆன் பெக்கர் என்னும் மருத்துவ அறிஞர், உடல் மெலிவதற்காக உண்டதை வாந்தியெடுக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை எனக் கண்டார். 1998ஆம் ஆண்டில் மீண்டும் ஆராய்ந்தபோது, நூற்றுக்குப் பதினொருவர் அவ்வாறு செய்வதாகக் கூறினர். இடையே கழிந்தவை மூன்றே ஆண்டுகள். பிள்ளைகளின் உடல் மாறவில்லை. பார்த்த படம் மாறிற்று.

பிறர் கண்ணிலிருந்து வந்த கவலை பிறர் நாவினாலேயே வளர்கின்றது. விடுமுறைக்கு வீடு வரும் மாமியோ பெரியம்மாவோ படியேறும்போதே, “என்ன பிள்ளை, இப்பிடிக் கறுத்துப் போனாய்?” என்கின்றார். அதில் வன்மம் எதுவும் இல்லை. வெயிலில் அலைந்து வாடிவிட்டாயே என்ற பரிவே அச்சொல்லின் உட்பொருள். ஆனால், பதின்மூன்று வயதுப் பிள்ளையின் செவியில் அது பரிவாக விழுவதில்லை; தீர்ப்பாக விழுகின்றது. அதே நாளில் வரும் மூன்று விருந்தினரும் அதனையே சொன்னால், மேன்முறையீட்டுக்கும் இடமில்லை. களைத்துப் போனாயா, என்ன படிக்கிறாய், எந்தப் போட்டியில் ஓடினாய் என்று கேட்பதற்கும் அதே நேரந்தான் செல்லும். மணமகள் தேவை விளம்பரங்களில் நிறத்தைக் குறிப்பிடும் வழக்கத்தைப் பெற்றோர் கைவிட்டால் நன்று. அதனை அவர்கள் கைவிடாதவரையில், நிறம் முக்கியமன்று என்று அவர்கள் கூறும் புத்திமதியை எந்த மகளும் நம்பப்போவதில்லை.

பூச்சுகளைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூறவேண்டும். ஏனெனில் இங்கே உயிருக்கும் ஊறு உண்டு. விரைவில் வெளுப்பிப்பதாகக் கூறும் பூச்சுகள் சிலவற்றிற் பாதரசம் கலந்திருக்கின்றது. அது மெலனின் ஆக்கப்படுவதைத் தடுக்கும். ஆனால் தோல் வழியே உட்சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். பூசியவரின் கையிலிருந்தும் துவாயிலிருந்தும் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் அது பரவும். கருவிலுள்ள குழந்தையையும் தாக்கும். 2013ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கையின்படி, 2023இல் ஜெனீவாவிற் கூடிய நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் யாவற்றையும் 2025ஆம் ஆண்டோடு ஒழிக்க முடிவு செய்தன. முடிவு செய்தமையால் அவை சந்தையிலிருந்து மறைந்துவிட்டன என்று எண்ணலாகாது.

வேறு சில பூச்சுகளில், மருத்துவர் தோல் நோய்களுக்குக் கொடுக்கும் பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற ஸ்ரெரொயிட் மருந்துகள் இருக்கும. முதற் சில கிழமைகளில் முகம் பளபளக்கும், தோழியர் புகழ்வர். பின்னர் தோல் மெலிந்து, சிவந்த நரம்புகள் தோன்றி, பருக்கள் நிறையும். பூச்சை நிறுத்தினால் எரிச்சலெடுக்கும். எரிச்சலுக்கு அஞ்சி மீண்டும் பூசுவர். அவ்வாறு நெடுநாட் பூசிய பிள்ளையை வைதல் பயனற்றது. பூச்சுப் புட்டியையும் எடுத்துக்கொண்டு அரசினர் மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் செல்வதே செய்யத்தக்கது.

வெயிலுக்குக் குடை பிடித்தல் தவறோ எனின், தவறன்று. நண்பகலிலே குடையும் தொப்பியும் மெல்லிய பருத்தி ஆடையும் யாவர்க்கும் வேண்டும். வெப்பத்துக்கு அஞ்சிப் பிடிக்கும் குடை பிள்ளையை வெளியே செல்லவிடும். நிறத்துக்கு அஞ்சும் அச்சமோ வீட்டினுள்ளே அடைத்துவிடும். மெய்வல்லுநர் பயிற்சியைக் காலை ஒன்பது மணிக்கு முன்னரும் மாலை நான்கு மணிக்குப் பின்னரும் வைத்து, மரநிழலிலே நீர்க்குடமும் வைத்தால், தாய்மார் கடிதம் எழுதுதற்குரிய காரணங்களுட் பாதி நீங்கும்.

பெரும்பாலான பிள்ளைகள் இக்கவலையை ஓரிரு ஆண்டுகளிற் கடந்துவிடுவர். எனினும், ஒரு பிள்ளை கிழமைக்கணக்கில் உணவை ஒதுக்கினால், கண்ணாடியை விட்டு நீங்காதிருந்தால், அல்லது கண்ணாடியைக் காணவே மறுத்தால், ஒருவர் முகத்திலும் விழிக்க விரும்பாமல் அறையிலேயே கிடந்தால், அதனைப் பருவக் குணம் என்று விட்டுவிடலாகாது. பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் முதலிற் சொல்லலாம். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் இத்தகைய தேவைகளுக்காகவே ஏற்படுத்தப்பட்டது.