பயன்படுத்துவோரை நோக்கி ஒரு பாதை

நுழையும்முன்

பதினொன்றாம் வகுப்பில் ஒரு பாடப்பிரிவைத் தேர்ந்தெடுத்தவுடன் தம் வாழ்க்கைப்பாதை முடிவாகிவிட்டதாக எண்ணும் மாணவர் பலர். இலக்கியம் பயின்று, பின்னர்க் கணினித்துறையில் தடம் பதித்த ஒருவரின் பணி, அவ்வெண்ணத்தை மறுபடியும் சிந்திக்கத் தூண்டுகிறது.

பயனர்மைய வடிவமைப்பு

கதவின் உருண்டைக் கைப்பிடியை ஈரக்கையால் திருப்புவது கடினம். மூட்டுவலி உள்ளவர்க்கு அது மேலும் கடினம். நீண்ட கைப்பிடியாயின் முழங்கையால் அழுத்தியும் திறக்கலாம். குறை கையில் இல்லை. பொருளின் வடிவமைப்பில் உள்ளது. பயன்படுத்துவோரின் தேவையை முதலில் அறிந்து பொருளை உருவாக்குவது பயனர்மைய வடிவமைப்பு எனப்படும். மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் பிறர் துணையின்றிப் பயன்படுத்துமாறு பொருள் அமைந்திருப்பதை அணுகல்தன்மை என்பர்.

இலக்கியத்திலிருந்து கணினிக்கு

ஜப்பானில் 1958ஆம் ஆண்டு பிறந்தவர் சியேகோ அசகாவா. பதினொன்றாம் வயதில் நீச்சல்குளத்தில் அவரது கண்ணில் அடிபட்டது. பதினான்காம் வயதில் பார்வையை முழுவதும் இழந்தார். ஓடியாடிய சிறுமி, படிக்கவும் வெளியே செல்லவும் பிறரை நாட வேண்டியவரானார். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று பட்டம் பெற்றார். அதன்பின், பார்வையற்றோருக்கான கணினி நிரலாக்கப் பயிற்சியை இரண்டாண்டுகள் பெற்று, ஐபிஎம் நிறுவனத்தின் ஜப்பானியப் பிரிவில் பணியில் சேர்ந்தார்.

புதிய துறைக்குள் நுழைந்தபோது அவரிடம் கணினிப் பட்டம் இல்லை. ஆனால், தடை எங்கே உள்ளது என்பதை ஒவ்வொரு நாளும் உணர்ந்த அனுபவம் இருந்தது. அவர் முதலில் பிரெயில் எழுத்துகளைக் கணினிவழிப் பயன்படுத்தும் முயற்சிகளில் ஈடுபட்டார்.

கேட்கும் இணையம்

பார்வையுள்ளவர் ஓர் இணையப்பக்கத்தை ஒரு நொடியில் கண்ணால் மேய்ந்து, வேண்டியதைக் கண்டுகொள்வார். செவியால் கேட்பவரோ வரிவரியாகக் கேட்டாக வேண்டும். எது வெறும் செய்தி, எது வேறொரு பக்கத்திற்கு இட்டுச்செல்லும் இணைப்பு என்பதும் விளங்காது. அசகாவா உருவாக்கிய 'ஹோம் பேஜ் ரீடர்' என்னும் மென்பொருள் 1997இல் வெளிவந்தது. அது செய்தியை ஆண்குரலிலும் இணைப்பைப் பெண்குரலிலும் வாசித்தது. விசைப்பலகையின் எண்விசைகளைக்கொண்டே பக்கங்களில் உலவ முடிந்தது. பிறர் வாசித்துக் காட்டும்வரை காத்திருந்தோர், தாமே செய்தி அறியும் உரிமையைப் பெற்றனர்.

தம் அனுபவத்தோடு அவர் நின்றுவிடவில்லை. பார்வைக்குறைபாடு உடையவர்க்கு ஒரு பக்கம் எவ்வாறு தோன்றும் என்பதை, அதனை உருவாக்குவோரே உணருமாறு 'ஏ-டிசைனர்' என்னும் கருவி உருவாக அவரும் பங்காற்றினார். வடிவமைப்பாளர் அனைவரும் பயன்படுத்துவோரின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

பயணங்களின்போது பெட்டியைத் தமக்கு முன்னே தள்ளிச் சென்றால், சுவரில் முதலில் மோதுவது பெட்டியே என்பதை அசகாவா கண்டார். அச்சிறு அனுபவமே, தடைகளை உணர்ந்து வழிநடத்தும் செயற்கை நுண்ணறிவுப் பயணப்பெட்டியின் உருவாக்கத்திற்கு வித்தானது. 2021இல் டோக்கியோவிலுள்ள மிரைக்கான் அறிவியல் அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பை அவர் ஏற்றார்.

நமக்கான வழி

வேறு பணியிலிருந்து இத்துறைக்கு வருவோர் வெறுங்கையோடு வருவதில்லை. செவிலியர் நோயாளியின் வலியை அறிவார். ஆசிரியர் மாணவர் தடுமாறும் இடத்தை அறிவார். எனினும், அனுபவம் மட்டும் போதாது. அசகாவா நிரலாக்கம் கற்றதுபோல், புதிய துறையின் நுட்பங்களையும் முறையாகக் கற்றல் வேண்டும். உருவாக்கிய மாதிரியைப் பயன்படுத்துவோரிடமே கொடுத்து, அவர் தடுமாறும் இடத்தைக் கண்டு திருத்துதலும் வேண்டும்.

மாணவர்களே, இத்துறைக்கான முதற்பயிற்சியை இன்றே தொடங்கலாம். நாள்தோறும் நீங்கள் கையாளும் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இதனைப் பயன்படுத்த இயலாதவர் யார் என்று கேளுங்கள். விடையை நீங்களே ஊகிக்காமல், அவரிடமே சென்று கேட்டறியுங்கள். எந்தப் பாடப்பிரிவில் பயில்பவரும் இக்கேள்வியைக் கேட்கலாம்.