பீட்டல் காரின் முன்சக்கரப் பேரிங்

பழைய வோக்ஸ்வேகன் பீட்டல் காரைப் பேணி வரும் அன்பர்கள் முன்சக்கர இரைச்சலைப் புறக்கணித்தல் கூடாது. சீல் பழுதுற்றால் கிரீஸ் கசிந்து பிரேக் பட்டையில் படியும். பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

இடப்பக்கச் சக்கரத்தில் மிகுந்த கவனம் தேவை. ஸ்பீடோமீட்டர் கம்பி அதன் மூடியில் செருகப்பட்டிருக்கும். முதலில் கம்பி முனையிலுள்ள கிளிப்பை நீக்கவேண்டும். அங்குள்ள நட்டோ, வழக்கத்திற்கு மாறாக வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இதை அறியாது நீண்ட குழாயை மாட்டி மல்லுக்கட்டுவோர் உண்டு!

பேரிங்கை மாற்றும்போது குடத்தினுள் இருக்கும் வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்றவேண்டும். சீலும் புதியதாக இருக்கட்டும். உருளைப் பேரிங் உள்ள வண்டிகளில், சக்கரத்தைச் சுழற்றியவாறே நட்டை இறுக்கிப் பின்னர் சற்றுத் தளர்த்துக. ஸ்குரூடிரைவரால் தள்ளினால் வாஷர் சிறிதே நகரவேண்டும். இடைவெளி 0.03 முதல் 0.12 மில்லிமீட்டர் வரை போதும். மிகுதியாக இறுக்கினால் பேரிங் சூடேறிச் சிதைந்துவிடும்.