ஆலையின் நரம்புகள்: பரந்து கிடக்கும் கருவிகளை ஒரே கட்டுப்பாட்டில் இணைக்கும் முறை

பருத்தி விளைவிப்பவர் ஒரு கரையில் நிற்கிறார். துணி நெய்பவர் மறுகரையில் நிற்கிறார். இவ்விருவருக்கும் நடுவே நிற்பது நூற்பாலை. அங்கே நூல் சீராக இழைந்தால்தான் பஞ்சுக்கு உரிய மதிப்புக் கிட்டும். தறியிலும் இழை அறாமல் ஓடும். ஆதலால் ஆலைக்குள் நிகழும் மாறுதல்களை இரு சாராரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம். அதிலும் ஆலை கூட்டுறவு முறையில் நடப்பதாயின், இயந்திரம் வாங்கும் தீர்மானத்தில் கையெழுத்திடும் நிர்வாகக் குழுவினர் அங்கத்தினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே ஆவர்.

இக்காலத்தில் ஆலைகளுக்கு வரும் விலைப்பட்டியல்களில், ‘எல்லா இயந்திரங்களும் ஒரே வலைப்பின்னலில் இணைக்கப்படும்’ என்னும் வாசகம் அடிக்கடி காணப்படுகிறது. அதன் பொருள் யாது, அனுகூலம் யாது, அதனுள் மறைந்துள்ள இடர் யாது என்பவற்றை இங்கே விளக்குவோம்.

பார்ப்பவையும் செய்பவையும்

நூற்பாலை ஒன்றை மனத்தில் சுற்றி வருவோம். புளோரூமில் பஞ்சு எந்த மட்டம் வரை நிறைந்துள்ளது என்பதை ஒளிக்கதிர் கொண்டு அறியும் கருவி ஒன்று உள்ளது. கார்டிங் இயந்திரத்தில் உருளை சுழலும் வேகத்தை எண்ணும் கருவி உள்ளது. ரிங் பிரேமில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் உள்ளது. காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவி ஒரு சுவரிலும், நீர்த்திவலை தெளிக்கும் பம்பு வேறோர் அறையிலும் உள்ளன. இவற்றுள் சில பார்ப்பவை, சில செய்பவை.

பார்ப்பவற்றிடமிருந்து செய்தி பெற்று, செய்பவற்றுக்குக் கட்டளை இடுவது பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டி. 1960-களின் இறுதியில் அமெரிக்கக் கார்த் தொழிற்சாலைகளில், சுவரை அடைத்து நின்ற ரிலேக் கூட்டங்களுக்கு மாற்றாக இது தோன்றியது. செய்திகளை வாசித்தல், கணக்கிடுதல், கட்டளை இடுதல் என்னும் மூன்று செயல்களையும் ஒரு நொடிக்குள் பல முறை திரும்பத் திரும்பச் செய்வதே இதன் தொழில். ஆலை முழுதும் பரந்து கிடக்கும் கருவிகளின் செய்தி இப்பெட்டிக்கு எவ்வழியாக வந்து சேர்கிறது என்பதே நமது கேள்வி.

கருவிக்கு ஒரு கம்பி

ஜக்கார்டு பெட்டி ஏற்றிய தறியைக் கண்டவர்களுக்குப் பழைய முறை எளிதில் விளங்கும். தனித்தனியே தூக்க வேண்டிய இழைகளுக்குத் தனித்தனிக் கயிறுகள் மேலே செல்கின்றன. ஒரு கயிற்றின் வேலையை மற்றொரு கயிறு செய்யாது. அவ்வாறே, ஒவ்வொரு கருவியிலிருந்தும் ஒரு ஜோடிக் கம்பி கட்டுப்பாட்டு அறை வரை செல்லும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆலையில் 24 ரிங் பிரேம்கள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் 10 செய்திகள் என்றால் 240 ஜோடிக் கம்பிகள் வேண்டும். சராசரித் தூரம் 50 மீட்டர் எனில், கேபிளின் நீளம் மட்டும் 12 கிலோமீட்டர் ஆகும். இணைக்க வேண்டிய முனைகளோ 960. அவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் எலெக்ட்ரீஷியன் தேடி அலைய வேண்டியதுதான்.

ஆயினும் பழைய முறையில் ஓர் அரிய நற்குணம் இருந்தது. அளவுச் செய்திகளை மின்னோட்டமாக அனுப்பும்போது, மிகக் குறைந்த அளவுக்கு 4 மில்லி ஆம்பியர் என்றும், மிக உயர்ந்த அளவுக்கு 20 மில்லி ஆம்பியர் என்றும் வரையறுத்தனர். சுழியிலிருந்து தொடங்காமல் நான்கிலிருந்து தொடங்கியது ஏன்? கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியாகிவிடும். அப்போது கட்டுப்பாட்டுப் பெட்டி, ‘ஈரப்பதம் குறைந்துவிட்டது’ என்று மயங்காமல், ‘கம்பி போய்விட்டது’ என்று அறிந்துகொள்ளும். அளவு குறைவு என்பது ஒரு செய்தி. செய்தியே வரவில்லை என்பது முற்றிலும் வேறொரு செய்தி. இவ்வேற்றுமையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

ஒரே கம்பியில் பல குரல்கள்

புதிய முறையில், ஒவ்வோர் இயந்திரத்தின் அருகிலும் ஒரு சிறு கிளைப்பெட்டி வைக்கப்படுகிறது. அருகிலுள்ள கருவிகளின் கம்பிகள் அப்பெட்டியோடு முடிந்துவிடும். கிளைப்பெட்டிகள் அனைத்தையும் ஒரே கேபிள் தொடுத்துச் செல்லும். இவ்வகை வலைப்பின்னலைப் பொதுவாக ‘பீல்டு பஸ்’ என்பர்.

ஒரே கம்பியில் பலர் பேசினால் கூச்சல் ஆகாதா? பள்ளியில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பெயராக அழைக்கிறார். அழைக்கப்பட்ட பிள்ளை மட்டுமே பதில் சொல்கிறது. 1979-ஆம் ஆண்டில் மாடிகான் நிறுவனம் வெளியிட்ட ‘மாட்பஸ்’ என்னும் உரையாடல் விதி இம்முறையில் அமைந்ததே. கருவிகளுக்கு 1 முதல் 247 வரை எண்கள் தரப்படும். தலைமைப் பெட்டி எண் சொல்லி அழைக்கும். அவ்வெண்ணுக்குரிய கருவி மட்டும் விடையளிக்கும். கணக்கேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை எழுதுவது போல, ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் ஒரு சரிபார்ப்பு எண் வரும். அது பொருந்தாவிடில் செய்தி தள்ளப்படும்.

இதற்குப் பெரிதும் பயன்படுவது ஆர்.எஸ்.485 என்னும் மின்முறை. குறைந்த வேகத்தில் ஏறத்தாழ 1,200 மீட்டர் வரை செல்லும்; ஒரு தொடரில் வழக்கமாக 32 கருவிகள் வரை இணைக்கலாம். கேபிள் இயந்திரத்திலிருந்து இயந்திரத்துக்குச் சங்கிலி போலச் செல்ல வேண்டும். மரக்கிளை போல நாற்புறமும் பிரியலாகாது. வாய்க்காலின் கடைமடையில் மோதிய அலை திரும்பி வருவது போல, கம்பியின் முனையில் மோதிய செய்தியும் திரும்பி வந்து அடுத்த செய்தியைக் கலக்கும். அதைத் தடுக்கத் தொடரின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒன்று வைக்க வேண்டும். இன்வெர்ட்டருக்குச் செல்லும் மின்கேபிளோடு இச்செய்திக் கேபிளைச் சேர்த்துக் கட்டுவதும் தவறு. காரணம் தெரியாமல் செய்தி விட்டுவிட்டு வரும் ஆலைகளில் முதலில் பார்க்க வேண்டியவை இவையே.

அழைப்புக்கு ஆகும் நேரம்

பெயர் அழைக்க நேரம் ஆகும். நொடிக்கு 9,600 பிட் வேகத்தில், ஒரு கருவியிடமிருந்து பத்து அளவுகளைக் கேட்டுப் பெற ஏறக்குறைய ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு வேண்டும். கருவிகள் 30 எனில், ஒரு சுற்று முடிய ஒன்றரை நொடி ஆகும். ஈரப்பதம் அறிய இது தாராளம். விரைந்து நிறுத்த வேண்டிய இயந்திரத்துக்கு இது போதாது.

வேகம் வேண்டிய இடங்களுக்கு ஈதர்நெட் கேபிளைக் கொண்டு அமைந்த முறைகள் பின்னர் வந்தன. 2003-இல் வெளிவந்த ஈதர்கேட் என்னும் முறையில், ஒரே செய்தி எல்லாக் கருவிகளின் ஊடாகவும் நில்லாமல் ஓடுகிறது. ஒவ்வொரு கருவியும் தனக்குரியதை எடுத்துக்கொண்டு, தான் சொல்ல வேண்டியதை அதிலேயே வைத்துவிடுகிறது.

மொழி வேற்றுமை

இங்கேதான் வாங்குவோர் விழிப்பாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் 1987-இல் தொடங்கிய முயற்சியால் புரொபிபஸ் உருவாயிற்று. அமெரிக்காவில் டிவைஸ்நெட் பிறந்தது. ஜப்பானில் சிசி-லிங்க் பிறந்தது. இவை ஒன்றன் மொழியை ஒன்று அறியாதவை. உலகுக்கு ஒரே முறை வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதிட்டனர். 2000-ஆம் ஆண்டளவில் நிலைபெற்ற ஐ.இ.சி. 61158 என்னும் சர்வதேசத் தரம் ஒரே முறையை வகுக்கவில்லை. ஒன்றோடொன்று பொருந்தாத பல முறைகளை அது ஒரே தரத்தின்கீழ் ஏற்றுக்கொண்டது. ஆகவே, ‘சர்வதேசத் தரத்துக்கு உட்பட்டது’ என்று இரண்டு இயந்திரங்களின் மேல் எழுதியிருந்தாலும், அவை தம்முள் பேசிக்கொள்ளும் என்பதற்கு உறுதி இல்லை.

கேட்வே என்னும் மொழிபெயர்ப்புப் பெட்டி கொண்டு இணைக்கலாம். ஆனால் அதற்குத் தனிச் செலவு உண்டு, தாமதம் உண்டு, பழுதாகக்கூடிய பொருள் ஒன்று கூடுகிறது. கூட்டுறவு ஆலைகள் எல்லா இயந்திரங்களையும் ஒரே நாளில் வாங்குவதில்லை. நிதி கிடைக்குந்தோறும் சிலவாக வாங்குகின்றன. முதலில் வாங்கியது ஒரு கம்பெனி மட்டுமே அறிந்த மொழியாயின், பிறகு வாங்கும் ஒவ்வொன்றுக்கும் அக்கம்பெனி சொல்வதே விலையாகும்.

திறந்த மொழியிலும் ஒரு குறை உண்டு. மாட்பஸ் எண்களை மட்டுமே சுமந்து வருகிறது. 605 என்னும் எண் வந்தால் அது 60.5 விழுக்காடு ஈரப்பதமா, 605 சுற்று வேகமா என்பதை, இயந்திரம் செய்தவர் தரும் பட்டியல்தான் சொல்லும். அப்பட்டியல் கையில் இல்லையேல், கம்பி இணைந்தும் பயன் இல்லை.

கம்பி அறும் வேளை

இப்போது முன்னே குறித்த வேற்றுமைக்கு வருவோம். பழைய முறையில் ஒரு கம்பி அறுந்தால் ஒரு செய்தி போகும். புதிய முறையில் தொடரின் தொடக்கத்தில் கேபிள் அறுந்தால் 24 இயந்திரங்களின் செய்தியும் ஒருங்கே போய்விடும். அதைவிடக் கொடியது ஒன்றுண்டு. சரியாக அமைக்கப்படாத திரை, கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டு நிற்கும். ஈரப்பதம் 58 என்று திரை இரவு முழுதும் காட்டும். ஆலையிலோ காற்று வறண்டிருக்கும். வறண்ட காற்றில் பஞ்சிழை நொய்ம்மை அடையும்; நிலைமின் ஏறும்; கதிர்தோறும் இழை அறும். காலையில் காரணம் கேட்டால் எல்லாரும் திரையைக் காட்டுவர். இழப்போ ஆலையோடு நில்லாமல், அந்நூலை வாங்கிய நெசவாளியின் தறிவரை செல்லும்.

ஆகவே செய்தி நின்றவுடன் திரை அதைத் தனி நிறத்தில் காட்டி ஒலி எழுப்ப வேண்டும். அன்றியும், குறித்த நேரத்துக்குள் தலைமைப் பெட்டியின் குரல் கேளாவிடில், ஒவ்வொரு கருவியும் தானே பாதுகாப்பான நிலைக்குச் செல்லுமாறு முன்கூட்டியே அமைக்க வேண்டும். எது பாதுகாப்பான நிலை என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். மோட்டார் நிற்பது நலம். புகை வெளியேற்றும் விசிறி ஓடுவது நலமாக இருக்கலாம். இதை விற்பனையாளர் மட்டும் முடிவு செய்யலாகாது. பிட்டரும் சூப்பர்வைசரும் உடனிருந்து சொல்ல வேண்டும்.

அவசர நிறுத்தச் சிவப்புப் பொத்தான் சாதாரண வலைப்பின்னலை நம்பி இருத்தல் கூடாது. பாதுகாப்புக்கென்றே சான்றளிக்கப்பட்ட வலைப்பின்னல்கள் உள்ளன. அவை இல்லாதவிடத்து, அப்பொத்தான் தனிக் கம்பி வழியே நேராக மின்னோட்டத்தைத் துண்டிக்க வேண்டும். உருளைக்கிடையே சிக்கிய கை, ஒன்றரை நொடி வருகைப் பதிவேட்டுக்காகக் காத்திராது.

வெளியுலக வாசல் ஒன்றும் உண்டு. மாட்பஸ் போன்ற பழைய விதிகள், கட்டளை இடுபவர் யார் என்று கேட்பதில்லை. ஆலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைக் குறிவைத்துச் செய்யப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் கணினி நச்சுநிரல் 2010-இல் வெளிச்சத்துக்கு வந்தது. கையடக்க நினைவுக் கருவி வழியாகவும் அது பரவியது. ஆதலின் இயந்திர வலைப்பின்னலை அலுவலகக் கணினிகளிலிருந்தும் இணையத்திலிருந்தும் பிரித்து வைத்தல் வேண்டும்.

நிர்வாகக் குழு கேட்க வேண்டியவை

1. இவ்வியந்திரம் எந்த மொழியில் பேசும்? அம்மொழியை வேறு கம்பெனிகளும் பேசுகின்றனவா?

2. எந்த எண் எதைக் குறிக்கும் என்னும் முழுப் பட்டியல் விலையோடு சேர்த்துத் தரப்படுமா?

3. பி.எல்.சி.யின் நிரலும் கடவுச்சொல்லும் சங்கத்தின் வசம் ஒப்படைக்கப்படுமா?

4. கேபிள் அறுந்தால் ஒவ்வோர் இயந்திரமும் என்ன செய்யும்? பணம் கொடுக்கும் முன், நம் கண்முன்னே கேபிளைக் கழற்றிக் காட்டுவார்களா?

5. அவசரப் பொத்தான் எவ்வழியாகச் செயற்படுகிறது?

6. நம் எலெக்ட்ரீஷியனுக்குப் பயிற்சி உண்டா?

இவற்றுள் நான்காவது கேள்வியே தலையாயது. அதற்குப் பொறியியல் படிப்பு வேண்டியதில்லை. கேபிளைக் கழற்றிவிட்டு நின்று பார்க்கும் பொறுமை போதும். பம்புகளை இவ்வாறு இணைக்க எண்ணும் நீர்ப்பாசனச் சங்கங்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். நல்ல இணைப்பு என்பது எல்லாம் ஓடும்போது அழகாக எண் காட்டுவது மட்டுமன்று; தனக்குத் தெரியாதபோது ‘தெரியவில்லை’ என்று உண்மை சொல்வதும் ஆகும். அங்கத்தினர்களின் பங்குத்தொகையால் வாங்கப்படும் இயந்திரத்திடம் நாம் எதிர்பார்க்க வேண்டிய நேர்மையும் அதுவே.