அடுத்த டிராம் எப்போது வரும்?



தோட்டத்து முச்சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களுக்கு ஒரு வேதனை தெரியும். வண்டி போய்விட்டதா, இனிமேல்தான் வருமா? இந்த ஐயத்தோடு நிற்கும் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகத் தோன்றும். இதைத் தீர்க்க நகரங்களில் இன்று ஒரு மின்னணு ஏற்பாடு உண்டு.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரை எடுத்துக்கொள்வோம். தெருவில் பதித்த தண்டவாளத்தில், மின்சாரத்தால் ஓடும் டிராம் வண்டிகள் அங்கே ஏராளம். நம் பினாங்கிலும் 1936ஆம் ஆண்டு வரை மின்சார டிராம்கள் ஓடியதுண்டு. மெல்பர்னின் டிராம் பாதை ஏறக்குறைய 250 கிலோமீட்டர் நீளம். நிறுத்தங்களும் மிகப் பல. பல நிறுத்தங்களில் உள்ள மின்னணுப் பலகை, அடுத்த டிராம் எத்தனை நிமிடத்தில் வரும் என்று காட்டுகிறது. பலகை இல்லாத இடத்தில், நிறுத்தத்திற்குரிய எண்ணைக் கொண்டு கைத்தொலைபேசியில் அறிந்துகொள்ளலாம்.

வண்டி இருக்குமிடம் எப்படித் தெரிகிறது? மின்னல் வெட்டிய பிறகு இடி கேட்கும் வரை விநாடிகளை எண்ணிப் பாருங்கள். மூன்று விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் இடி விழுந்த தூரம் தெரியும். இதே கணக்குதான் இங்கும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள்கள், நேரத்தைக் குறித்து வானொலி அலைகளை அனுப்புகின்றன. அவை வந்து சேர எடுக்கும் நேரத்தைக் கொண்டு, வாகனத்திலுள்ள கருவி தூரத்தை அளக்கிறது. நான்கு துணைக்கோள்களின் அலைகள் கிடைத்தால், இருக்குமிடம் சில மீட்டர் வித்தியாசத்தில் தெரிந்துவிடும்.

உயர்ந்த கட்டடங்களுக்கிடையே அலைகள் மோதித் திரும்பும். அப்போது கணக்குப் பிசகும். அதற்காகச் சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணி, ஓடிய தூரத்தை அறியும் முறையும் உண்டு. டிராம் தண்டவாளத்தை விட்டு விலகாது. ஆகவே, பாதையில் எவ்வளவு தூரம் வந்துள்ளது என்பது தெரிந்தாலே போதும். மீதித் தூரத்தையும் வேகத்தையும் கொண்டு கணினி நிமிடங்களைக் கணக்கிடுகிறது.

ஒன்றை நாம் மறக்கக் கூடாது. பலகையில் தெரிவது வாக்குறுதியன்று, மதிப்பீடுதான். வழியில் ஒரு கார் குறுக்கே நின்றால், டிராம் ஒதுங்கிப் போக முடியாது. மூன்று நிமிடம் எட்டு நிமிடமாகும்.

இன்னொன்று. கைத்தொலைபேசியே போதுமே, பலகை எதற்கு என்று சிலர் கேட்கலாம். தொலைபேசி இல்லாத முதியவருக்கும், பள்ளிப் பிள்ளைக்கும் தகவல் கிடைக்க வேண்டாமா? பார்வையற்றவருக்கோ பலகையும் பயன்படாது. பொத்தானை அழுத்தினால் பேசும் கருவி வேண்டும். பொது வண்டியைப் பற்றிய செய்தி எல்லாருக்கும் எட்டினால்தான் அது பொதுச் செய்தி.

இன்று மாலை மின்னல் வெட்டினால், வீட்டுக்குள் இருந்தபடியே பிள்ளைகளுடன் விநாடிகளை எண்ணிப் பாருங்கள். துணைக்கோளின் கணக்கு அவர்களுக்கு எளிதில் விளங்கும்.