குறுந்தகட்டில் தமிழ்க் கோப்புகள்

நம் துறை அலமாரியில் குறுந்தகடுகள் சில நெடுநாளாய் உறங்குகின்றன. பழைய மலர்களின் பக்கப் படங்கள், மாணவர் ஆய்வேடுகள், மதுரைத் திட்டத்தார் 1998 பொங்கல் தொட்டு வெளியிட்டுவரும் மின்னூல்களுள் நாம் இறக்கிவைத்தவை ஆகியன அவற்றுள் அடக்கம். சீறாப்புராணமும் அவற்றுள் ஒன்று. இவற்றைப் புதிய தகடுகளுக்கு மாற்ற முற்பட்டபோது நாம் இழைத்த பிழையொன்றே இக்கட்டுரைக்குக் காரணம். வட்டுப் படிமத்தைச் சாதாரணக் கோப்பெனக் கருதித் தகட்டில் இட்டுவிட்டோம். திறந்து பார்த்தால் ஐஎஸ்ஓ என முடியும் ஒற்றைக் கோப்பு. நூல் எதனையும் காணோம். ஒருமுறை எழுதிய தகடு அழிக்கவும் இயலாதது.

வட்டுப் படிமம் என்பது ஒரு தகட்டின் கோப்புகள், அடைவுகள், அட்டவணை அனைத்தையும் வரிசை பிறழாது திரட்டிய வடிவம். அதனைத் துண்டம் துண்டமாக உள்ளவாறே பதித்தல் வேண்டும். துண்டம் ஒன்றுக்கு 2048 பைட். 80 நிமிடத் தகட்டில் ஏறத்தாழ 3,60,000 துண்டங்கள் கொள்ளும்.

லினக்ஸில் இப்பணி இரு படிகளில் நிகழும். ஜெனிஐஎஸ்ஓஇமேஜ் என்னும் நிரல் கோப்புகளைத் திரட்டிப் படிமமாக்கும். வோடிம் என்பது அதனைத் தகட்டில் எழுதும். யோர்க் ஷில்லிங்கின் சிடிரெக்கார்ட் தொகுப்பினின்று, உரிமப் பிணக்கால், 2006ஆம் ஆண்டில் டெபியன் குழுவினர் பிரித்தெடுத்தவை இவை. கட்டளை தட்டச்சிடத் தயங்குவோர்க்குக் கே3பி உண்டு. அதில் ‘படிமத்தை எழுதுக’ எனும் பொருள்படும் தெரிவு தனியே உள்ளது. நாம் கவனியாது விட்டது அதனையே.

தமிழ் மாணவர் கருத வேண்டியது பெயர்ச் சிக்கல். 1988இல் வகுத்த ஐஎஸ்ஓ 9660 தரத்தின் கடுமையான நிலையில் கோப்பின் பெயர்க்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று. அவையும் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே. இத்தடையை நீக்க எழுந்தவை யூனிக்ஸ் உலகின் ராக் ரிட்ஜும் மைக்ரோசாஃப்டின் ஜோலியட்டும். படிமமாக்கும்போது ஆர், ஜே என்னும் குறிகள் இரண்டையும் இட்டால் லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் தமிழ்ப் பெயர் தெரியும். எனினும் ஜோலியட்டின் எல்லை 64 குறியீடுகள். ‘சீறாப்புராணம்’ நம் கண்ணுக்கு ஏழெழுத்து. யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது பதின்மூன்று! நூற்பெயர், காண்டம், படலம், உரையாசிரியர் எனக் கோப்புக்கு நீண்ட பெயர் சூட்டும் நம் வழக்கத்திற்கு இவ்வெல்லை விரைவில் இடிக்கும். பெயரைச் சுருக்கி, விவரத்தைத் தனிப் பட்டியற் கோப்பில் எழுதுவதே தக்கது.

எழுதும் வேகம் பதினாறு மடங்கெனில் முழுத் தகடும் ஐந்து நிமிடத்தில் முடியும். முடிந்தபின் படிமத்தின் அளவுக்கு மட்டும் தகட்டை மீளப் படித்து, ஷா256சம் கொண்டு இரண்டையும் ஒப்பிடுதல் வேண்டும். இதனைச் செய்யாது பெட்டியில் அடுக்குவோரே மிகுதி. தகட்டின் சாயம் ஒளிபட்டால் கெடும். வண்டலூர்ச் சித்திரை வெயில் படும் சன்னலோரம் அதற்குரிய இடமன்று.

படிக்க மறுக்கும் பழைய தகடுகளை உடனே எறிய வேண்டா. டிடிரெஸ்க்யூ என்னும் நிரல் படிக்கக் கூடிய பகுதிகளை முதலில் படிமமாக்கி, விடுபட்ட இடங்களைக் குறித்து வைக்கும். அக்குறிப்புடன் வேறோர் இயக்கியில் முயன்றால் விடுபட்டவற்றுள் சிலவும் கிட்டலாம்.