ஏ40 கார் கிடைத்துவிட்டது, தையல்காரர் எங்கே?

யாழ்ப்பாணத்தில் குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் சிலர் அண்மையில் தங்கள் திரைக்கதையை வாசிக்கத் தந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் நடக்கும் கதை. ஏ40 கார், கிடுகு வேலி, பெற்றோல்மக்ஸ் விளக்கு என்று தேவையான பொருட்களின் பட்டியலே இரண்டு பக்கம். இழந்த ஊரை இன்னொருமுறை கண்ணால் பார்க்கும் ஆசை அது. எனக்கும் உண்டு. ஆனால் பொருட்களில் காட்டிய கவனம் மனிதர்களில் இல்லை. கதையில் எல்லோரும் ஒரே சாதி, ஒரே கோயில்.

அவர்களுக்கு 'பொன்மணி'யைப் பார்க்கச் சொன்னேன். 1977இல் வந்த படம். இயக்கியவர் தர்மசேன பத்திராஜ, எழுதியவர் காவலூர் ராஜதுரை. பத்திராஜ சிங்களவர்; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். எடுத்தபோது அது சமகாலப் படம். போர் எல்லாவற்றையும் தின்ற பிறகு, இன்று அதுவே 'அந்தக் காலத்துப் படம்' ஆகிவிட்டது.

அம்மாவோடு இருந்து பார்த்தேன். "உது எங்கட பழைய யாழ்ப்பாணம்தான் பிள்ளை" என்று தெருவையும் முற்றத்தையும் காட்டிக்கொண்டிருந்தா. சீதனம் இல்லாமல் அக்கா வீட்டோடு இருக்கிறாள். குறைந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவனோடு பொன்மணி போகிறாள், கொல்லப்படுகிறாள். அந்த இடத்தில் அம்மா எதுவும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, "உதுவும் எங்கட யாழ்ப்பாணம்தான்" என்றா.

படம் அன்று ஓடவில்லை. ஆனாலும் ஏக்கத்தோடு பார்க்க வருபவரை அது ஏக்கத்தோடு மட்டும் திருப்பி அனுப்புவதில்லை.

பிரதிநிதித்துவம் என்றால் தலைகளை எண்ணுவது என்று பலர் நினைக்கிறார்கள். திரையில் ஒருவர் வந்து போனால் போதாது. அவருக்குப் பெயர் இருக்கிறதா, அவர் எடுக்கும் முடிவால் கதை அசைகிறதா என்பதே கேள்வி. கிடுகு வேலியை அழகாகக் காட்டலாம். அதைக் கட்டியவர் அதே வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ள முடியாதிருந்ததைக் காட்டாவிட்டால் அது அரைவாசி வேலிதான். தேநீர்க்கடையைக் காட்டினால் சிரட்டையும் போத்தலும் வரவேண்டும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போகக் கேட்டு நின்றவர்களும் அந்தக் காலத்து ஆட்கள்தான்.

இன்னொன்று இருக்கிறது, சொல்லக் கூச்சமாக இருந்தாலும். 1995 ஒக்டோபர் 30 எங்கள் வீட்டில் யாரும் மறக்காத நாள். வலிகாமமே வெளியேறிய இரவு. சரியாக ஐந்து வருடங்களுக்கு முன், 1990இல் அதே ஒக்டோபர் 30இல்தான் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். முதல் நாளை நான் குழந்தையாக அனுபவித்தேன். மற்றதைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் அறிந்தேன். வீட்டில் மறைத்தார்கள் என்றில்லை. கதையாகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"இவ்வளவு இழந்தபிறகு எங்களுக்குள்ளேயே ஏன் கிளற வேண்டும்?" என்று அந்தக் குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்களை அழித்தவர்கள் எங்கள் குறைகளையே ஆயுதமாக்குவார்கள் என்ற பயம் வெறும் கற்பனையல்ல. ஆனால் சோனகதெருவும் ஒஸ்மானியாக் கல்லூரியும் இல்லாத 1980களின் யாழ்ப்பாணத்தை எடுத்தால், அந்த மக்களைக் கதையிலிருந்தும் ஒருமுறை வெளியேற்றியதாகிவிடும் அல்லவா என்று கேட்டேன்.

போன கிழமை திருத்திய பிரதி வந்தது. கதாநாயகனின் சேட்டைத் தைக்கும் ஒருவர் இரண்டு காட்சிகளில் வருகிறார். பெயர் இடத்தில் 'முஸ்லிம் தையல்காரர்' என்று மட்டும் இருக்கிறது. பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பியிருக்கிறேன்.